மிதித்தாலும் சுற்றாத அந்த இடம்

அருமனையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "ரப்பர் தோட்டத்துக்குள் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிப் பழகுகிறேன். இடவப்பாதி மழை தொடங்கினால் வேர் மேல் ஏறும்போதெல்லாம் விழுகிறேன். டயரை மாற்றவா, பெடலை மாற்றவா?"

முதலில் பெடலை மாற்றுங்கள். திருகாணி பதித்த உலோகப் பெடலாக வாங்குங்கள்.

ஒற்றைச் சக்கரத்தில் செயினும், மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீலும் கிடையாது, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் நேராகச் சக்கரத்தின் அச்சில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. சரி, கிராங்க் தரைக்குப் படுக்கையாக இருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கிராங்கின் நீளம் 15 செ.மீ., உங்கள் எடை 60 கிலோ என்றால், முழு எடையையும் முன்பெடலில் போடும்போது ஏறக்குறைய 88 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் திறன், கிடைக்கும். அதே கிராங்க் செங்குத்தாக நிற்கும்போது? எடை நேராக அச்சின் வழியே இறங்கிவிடும். திருப்புத்திறன் பூஜ்யம். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது.

24 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 191 செ.மீ. அரைச் சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 96 செ.மீ.க்கு ஒருமுறை, இந்த இடம் வரும். ஒரு கிலோமீட்டர் பாதையில் ஆயிரம் தடவைக்கு மேல்! நடக்கிற வேகத்தில் போகும் வண்டிக்குத் தாண்டிப்போக உந்தமும் போதாது. சரியாக அங்கே ஒரு வேர் குறுக்கிட்டால் சக்கரம் நிற்கும், நீங்கள் முன்னால் போவீர்கள்.

அங்கிருந்து வெளியே வர வழி, மேலே இருக்கும் காலால் பெடலை முன்னோக்கித் தள்ளி, கீழே இருக்கும் காலால் பின்னோக்கி இழுப்பதுதான். வாசல் சாக்கில் செருப்புச் சேற்றைத் தேய்ப்போமே, கீழ்க்காலுக்கு அதே அசைவு. ஒவ்வொரு காலும் 10 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளினால் 29 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. ஆனால் இந்த விசை பெடலின் பரப்போடு ஒட்டியே போகிறது. நனைந்த பிளாஸ்டிக்கில் சக்கரம் சுற்றும் முன்பே ஷூ நழுவிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி, ஷூவின் ரப்பரில் அழுந்தித் தனக்கென ஒரு குழி பறித்து அதற்குள் நிற்கிறது. ஷூ நகர வேண்டுமென்றால் அந்தக் குழியின் சுவர் திருகாணி மேல் இழுபட்டு வளைந்து ஏற வேண்டும். வளைத்த ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது, ஒரு பங்கு வெப்பமாகிவிடும். அந்த இழப்பும் பிடிமானத்தில் சேர்கிறது. உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்த விதிக்கு ரப்பர் கட்டுப்படுவதில்லை. செம்மண் சேற்றின் வழுவழுப்பும் இங்கே செல்லாது. எடை முழுவதும் சில சின்ன முனைகளில் குவிவதால் அந்தப் படலம் பிதுங்கி விலகிவிடும். பழைய செருப்பு ஒன்றைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், கைக்கே தெரியும்.

நம் தோட்டத்தில் வெட்டி எடுக்கும் பாலுக்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது. கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றிலாவது உராய்வை அளக்கும் நல்ல ஆய்வகம் அமைய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாட்டும்போது கவனம்: இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை. ஸ்பேனரின் மேல்முனை வண்டியின் முன்பக்கமாகப் போகும்படி சுற்றினால் இரண்டு பெடலும் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஷூவின் அடி தட்டையாக இருக்கட்டும். கால் தவறினால் திருகாணி முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்துவிடும், அதனால் காலுக்குப் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். அப்புறம், ஷூ ஒட்டிக்கொண்டு நகர்த்தவே வரவில்லை என்றால், பழகும்வரை நடுவில் உள்ள திருகாணிகளை மட்டும் கழற்றி வையுங்கள். முன், பின் விளிம்புகளில் இருப்பவற்றைத் தொட வேண்டாம்.