‘என் நிலைமை அப்படி, சாமி’

கத்தோலிக்கர் தங்கள் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இந்த வாக்கியத்தைக் கேட்காத சாமியார் இருக்க முடியாது. நிலைமை சரியில்லை என்றால் செய்த தப்பு தப்பில்லாமல் போய்விடுமா? கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு ஒரு தெளிவான முறை வைத்திருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஒரு பெண் பறித்த இலையை நிறுக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் 23 கிலோ. கணக்குப்பிள்ளை 21 என்று எழுதுகிறார். மேலிடத்து உத்தரவு. மறுத்தால் வேலை போகும், வேலையோடு தோட்டத்தில் கொடுத்த லைன் வீடும் போகும்.

13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் விளக்கி எழுதியதை ஒட்டி, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்து 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: செய்த செயல், அதன் நோக்கம், சூழ்நிலை. செயலே கெட்டதாக இருந்தால் மற்ற இரண்டும் சேர்ந்தாலும் அதை நல்லதாக்க முடியாது. 2 கிலோவைக் குறைத்து எழுதியது திருட்டுதான். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1993-இல் திருச்சபைக்கு ஒரு சுற்றுமடலே எழுதினார்.

சரி, அப்போது அந்த மனிதரின் பயத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. செயல் கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதில் இவர் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. அறியாமை, கவனக்குறைவு, மிரட்டல், பயம், பழக்கம், மனநிலை, சமூக நிலை எல்லாமே பொறுப்பைக் குறைக்கலாம், சில சமயம் முழுக்க நீக்கவும் செய்யலாம் என்கிறது அதே நூல். கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவம் என்று சொல்லக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். வீடு போய்விடும் என்ற பயத்தில் கொடுத்த சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களைப் பற்றி எழுதியபோதும் இதைத்தான் நினைவூட்டினார். தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டு, செய்தவரை நசுக்காமல் விடுகிற இந்த முறை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சூழ்நிலை பாரத்தைக் கூட்டவும் செய்யும். கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசை நம்பி மழையில் நின்று கொழுந்து பறித்தவளிடம் எடுப்பது, வசதியானவரிடம் எடுப்பதைவிட மோசம். தெரிந்தும் தெரியாதது போல இருந்தால் பொறுப்பு இன்னும் ஏறும்.

ஓர் இடத்தில் மட்டும் கணக்கே மாறிவிடும். ஜனவரி உறைபனியில் பிள்ளை விறைத்துப்போகிறது, வேறு வழியே இல்லை. பூட்டிக் கிடக்கும் பங்களாவிலிருந்து கம்பளியை எடுக்கிறீர்கள். இது மன்னிக்கப்பட்ட திருட்டு அல்ல, திருட்டே அல்ல. உயிர் காக்கும் உடனடித் தேவைக்கு உலகின் பொருள்கள் எல்லோருக்கும் பொது என்பது திருச்சபையின் பழைய போதனை.

கணக்குப்பிள்ளைக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. பாவமன்னிப்பு கிடைத்தாலும் அந்தக் காசு திரும்பிப் போய்ச் சேர வேண்டும். பறித்தவள் இறந்துவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு. திருப்பித் தரும் கடமை அவரோடு நிற்பதில்லை. உத்தரவு போட்டவருக்கும், தெரிந்தே அந்த லாபத்தை அனுபவித்தவருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப உண்டு.