பிழை பூஜ்யம், மாவும் பூஜ்யம்

அம்பத்தூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒருவருக்கு, நாளைக்கு எத்தனை பாக்கெட் போகும் என்று கணித்துத் தரும் வேலையைச் சில மாதங்கள் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், எத்தனை பர்சன்ட் கரெக்டா வரும்?"

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், ஃபோர்காஸ்ட் தொகுப்பின் அக்யூரசி கட்டளையைத் தட்டினால், கணிப்பு எவ்வளவு தவறியது என்று காட்டும் ஏழெட்டு எண்கள் வந்து விழும். எல்லோர் கண்ணும் நேரே மேப் (MAPE) என்ற சராசரி சதவீதப் பிழைக்குத்தான் போகும். சதவீதம் என்றால் புரிந்த மாதிரி இருக்கிறதல்லவா! ஆனால் அது ஒரு பக்கம் சாய்ந்த தராசு. 10 பாக்கெட் விற்ற நாளில் 30 என்று கணித்திருந்தால் பிழை 200 சதவீதம். 30 விற்ற நாளில் 10 என்று கணித்திருந்தால் 67 சதவீதம்தான். இரண்டிலும் தவறியது அதே 20 பாக்கெட். குறைத்துக் கணித்தால் தண்டனை 100 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டிக் கணித்தால் எல்லையே கிடையாது. ஆகவே மேப்பை மட்டும் பார்த்துக் கணிக்கும் மாடலைத் தேர்ந்தெடுத்தால், குறைத்துச் சொல்லும் மாடல்தான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

விற்பனையே இல்லாத நாள் வந்தால் இன்னும் மோசம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றபோது பல கடைகள் திறக்கவே இல்லை. மேப் பிழையை நிஜ விற்பனையால் வகுக்கிறது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஆர் 'முடிவிலி' என்று காட்டும். பைத்தான் கணினி மொழியின் சைக்கிட்-லேர்ன் தொகுப்பு அப்படிக் காட்டாமல் நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண் ஒன்றைத் தரும். இரண்டையும் பார்த்து மாடலைத் திட்ட வேண்டாம், அளவுகோல்தான் அங்கே செல்லாது.

சராசரிப் பிழையின் கூட்டல், கழித்தல் குறியில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். ஆரில் பிழை என்பது நிஜ விற்பனையிலிருந்து கணிப்பைக் கழித்தது. எண் கூட்டலில் வந்தால் நாம் குறைத்துக் கணித்திருக்கிறோம் என்று அர்த்தம். அதைத் தலைகீழாகப் படித்து, "கொஞ்சம் குறைச்சு அரைங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்த போன்களை இங்கே எழுத முடியாது.

எம்ஏஇ (கூட்டல், கழித்தல் பார்க்காத பிழைகளின் சராசரி), ஆர்எம்எஸ்இ (பிழைகளின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டது) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏழு நாளும் பத்துப் பத்துப் பாக்கெட் தவறினாலும், ஆறு நாள் சரியாக வந்து ஏழாம் நாள் 70 தவறினாலும் எம்ஏஇ 10தான். ஆர்எம்எஸ்இ முதலாவதில் 10, இரண்டாவதில் 26க்கு மேல். ஒரே நாளில் 70 பாக்கெட் புளித்துத் திரும்புவது எப்படி இருக்கும் என்று மாவுக்காரரைக் கேட்டால் தெரியும்.

ராப் ஹைண்ட்மனும் ஆன் கோலரும் 2006ல் முன்வைத்த மேஸ் (MASE) என்ற பிழை அளவு, பூஜ்யத்துக்குப் பயப்படாது. சும்மா பழைய எண்ணையே திருப்பிச் சொன்னால் வரும் பிழையோடு நம் பிழையை ஒப்பிடும். 1க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் தரவை ஏற்றும்போது அலைவெண் 7, அதாவது ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பும் விற்பனை, என்று சொல்ல மறந்துவிட்டால், போன ஞாயிறோடு ஒப்பிட வேண்டியதை நேற்றைய சனியோடு ஒப்பிடும். எதிராளி பலவீனமாகிவிடுவான், நம் எண் அழகாகத் தெரியும். அப்புறம், அக்யூரசி கட்டளை தரும் அட்டவணையின் மேல் வரிசையில் வருவது மாடல் ஏற்கனவே பார்த்த தரவின் பிழை. பார்க்காத தரவின் பிழை கீழ் வரிசையில் இருக்கும். அறிக்கையில் போக வேண்டியது அதுதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு கடை உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற கடைகளில் பிழை தாறுமாறாக இருக்க, அங்கே மட்டும் வாரக்கணக்கில் பூஜ்யத்தை ஒட்டியே வந்தது. கணிப்பு 40, போட்டது 40, விற்றது 40. நேரில் போய்க் கேட்டேன். கடைக்கார அக்கா சிரித்தார்: "காலையில ஒன்பதரைக்கே தீர்ந்துடுதுப்பா. அதுக்கு மேல கேக்குறவங்கள எதிர்க்கடைக்கு அனுப்பிடுவேன்."

இப்போது பாக்கெட் கணக்கோடு, மாவு தீர்ந்த நேரத்தையும் அவர் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்.