நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில்

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது, அதுவும் தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களுக்கு. பல் பட்ட இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் அநேகமாக இருக்காது. கொசுவோ எறும்போ என்று புரண்டு படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிறு வலிக்கும். கண்ணைத் திறக்கப் பார்த்தால் இமை மேலே ஏறாது. அப்புறம் பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுக்கான தசைகளும் ஓய்ந்துபோகும். இத்தனை நடக்கும்போதும் நினைவு தெளிவாகவே இருக்கலாம். பக்கத்தில் அழுகிற குரல் காதில் விழும், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது.

மூளை சரியாக இருக்கிறது. நரம்பு வழியே கட்டளையும் வருகிறது. தசையிலும் பழுதில்லை. பிறகு கோளாறு எங்கே? நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில், ஏறத்தாழ 50 நானோமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளியில். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத சந்து அது.

நரம்பு என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதை நரம்பு என்கிறோம், ரத்தக்குழாயில் போடுவதை நரம்பு ஊசி என்கிறோம். அது சிரை. உண்மையான நரம்பு வெளிறிய நூல்கற்றை மாதிரி இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு இழையும் ஒரு தனி நரம்பு செல்லின் நீண்ட வால். அதற்கு ஆக்ஸான் என்று பெயர். பாதத்துத் தசையை இயக்கும் செல்லின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அதன் ஆக்ஸான் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் தாண்டி ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கி வருகிறது. அத்தனையும் ஒரே செல்!

அந்த இழை நெடுகிலும் ஷ்வான் செல்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வந்த துண்டைப் பாய் சுருட்டுவதுபோலப் பல சுற்றுச் சுற்றிக் கொழுப்பு உறை போடுகிறது. உறைக்கும் உறைக்கும் நடுவே சிறு வெற்றிடம். மின்துடிப்பு ஒரு வெற்றிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி, நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

இவ்வளவு வேகமாக வந்த துடிப்பு கடைசியில் அந்தச் சந்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இப்படி ஒரு சந்து இருக்கிறதா என்பதற்கே பெரிய சண்டை நடந்தது. 1873ல் இத்தாலியின் கமில்லோ கோல்கி, வெள்ளி உப்பால் நரம்பு செல்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது எல்லாச் செல்லிலும் பிடிக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிக்கும். அதுவே வரமாக அமைந்தது. அடர்ந்த தோப்பில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கரி பூசினால் அதன் கிளையெல்லாம் தனியாகத் தெரியுமே, அதுபோல. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையில் பறவைகளின் சிறுமூளையைப் பார்த்து, ஒவ்வொரு செல்லும் தனியானது, தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒட்டிப்போவதில்லை என்று 1888ல் எழுதினார். கோல்கியோ எல்லாம் ஒரே வலை என்று நம்பினார். 1906ல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோதும், கோல்கி தன் பரிசு உரையில் கஹால் தரப்பின் கொள்கையை எதிர்த்தே பேசினார். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியை நேரில் காட்டியது. கஹால் சொன்னதுதான் சரி.

அந்த இடைவெளியைக் கடப்பது மின்சாரமா, வேறு ஏதாவதா? ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவதில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவானது. அப்படியானால் செய்தி திரவத்தில் இருக்கிறது! 1921ல் வெளியான இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். தசைக்கு நரம்பு அனுப்பும் செய்தியும் அதுதான்.

ஆக்ஸானின் முனையில் நுண்ணிய பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். துடிப்பு வந்ததும் முனைக்குள் கால்சியம் புகுகிறது, பைகள் சவ்வோடு சேர்ந்து வாய் பிளக்கின்றன, உள்ளே இருந்தது சந்தில் கொட்டுகிறது. எதிர்க்கரையில் தசையின் ஏற்பிகள் இருக்கின்றன. ஓர் ஏற்பியில் இரண்டு மூலக்கூறுகள் உட்கார்ந்தால் அதன் கதவு திறக்கும், சோடியம் பாயும், தசை சுருங்கும். கையோடு, சந்திலேயே இருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினை வெட்டி அப்புறப்படுத்துகிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். இந்தத் துப்புரவு எவ்வளவு முக்கியம் என்பதை வயலில் பார்க்கலாம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து முடக்குவது இந்த நொதியைத்தான். முகத்தை மூடாமல் மருந்தடிப்பவருக்கு எச்சில் ஊறி, தசைகள் துடிதுடிப்பது அதனால்தான்.

சரி, பாம்புக்கு வருவோம். நல்லபாம்பின் நரம்பு நஞ்சு முக்கியமாக எதிர்க்கரையில் வேலை செய்கிறது. ஏற்பிகளின்மேல் ஏறி உட்கார்ந்து, அசிட்டைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அந்தத் துப்புரவு நொதியைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும் நியோஸ்டிக்மின் ஊசி இதற்குப் பலருக்கு உதவுகிறது. சந்தில் அசிட்டைல்கோலின் கூடி, நஞ்சோடு இடத்துக்குப் போட்டி போடும்.

கட்டுவிரியன் இரண்டு கரையிலும் கைவைக்கிறது. ஏற்பியை அடைக்கும் நஞ்சு ஒருபக்கம், நரம்பு முனையின் சவ்வையே அரிக்கும் நஞ்சு மறுபக்கம். பைகள் தீர்ந்து முனையே சிதைகிறது. கொட்டுவதற்கு எதுவும் இல்லாதபோது நியோஸ்டிக்மின் என்ன செய்யும்? சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து செய்யப்படும் விஷமுறிவு மருந்து, உடம்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடிக்கும். சிதைந்த முனையை அது ஒட்டவைக்காது. அதனால்தான் வலியில்லையே என்று காத்திருக்கவே கூடாது என்கிறேன். மருந்து முந்த வேண்டும், முந்தாவிட்டால் வென்டிலேட்டர் வேண்டும்.

வென்டிலேட்டர் மூச்சைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில், உள்ளே ஒரு பழுதுபார்ப்பு நடக்கிறது. ஆக்ஸானும் அதன் செல் உடலும் சாகவில்லை, முனைதான் போயிருக்கிறது. முனையை மூடியிருந்த ஷ்வான் செல்கள் குப்பையை விழுங்கி, பழைய இடத்துக்கே வழிகாட்டுகின்றன. ஆக்ஸான் அந்த வழியில் மறுபடி வளர்ந்து, புதுப் பைகளை நிரப்பிக்கொள்கிறது. சிலருக்குச் சில நாள், சிலருக்கு வாரக்கணக்கு. அப்புறம் ஒரு காலையில், நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, இமை அரை மில்லிமீட்டர் உயரும்.