சொந்த வாடிக்கையாளரையே ஸ்பேமர் ஆக்காதீர்கள்

நீங்கள் ஓர் இணையச் சேவை நிறுவனம். மாதாமாதம் பணம் கட்டுகிறவர், உங்கள் இணைப்பிலிருந்து, உங்கள் சர்வரில் லாகின் செய்து மெயில் அனுப்புகிறார். உங்கள் ஃபில்டரே அதை ஸ்பேம் என்று திருப்பி அனுப்புகிறது. புகார் வந்ததும் அட்மின் என்ன செய்கிறார்? ‘நம் டொமைன் பெயரில் வருவதையெல்லாம் விட்டுவிடு’ என்று வைட்லிஸ்ட்டில், அதாவது சோதிக்காமல் விடவேண்டியவர்களின் பட்டியலில், ஒரு வரி சேர்க்கிறார். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை.

அனுப்புநர் முகவரியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அது அடையாள அட்டை அல்ல. ஸ்பேம் ஃபில்டர் மென்பொருளான ஸ்பேம்அசாசினில் ஒரு மெயிலை ஸ்பேம் என்று முத்திரை குத்தும் எல்லை 5 மதிப்பெண். வைட்லிஸ்ட் வரியோ மைனஸ் 100 தருகிறது. உங்கள் பில்லிங் பிரிவின் பெயரில் பாஸ்வேர்டு கேட்டு வரும் போலி மெயில், இந்த ஒரு வரியால் நேராக இன்பாக்ஸுக்குப் போகும். அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள்.

வீட்டு இணைப்பின் ஐபி, ஸ்பேம் தடுப்புப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் இருப்பது இயல்பு. ‘இங்கிருந்து வெளி சர்வர்களுக்கு நேரடியாக மெயில் வரக்கூடாது’ என்பதுதான் அதன் பொருள். பட்டியலை டிஎன்எஸ் வழியாகக் கேட்கும்போது 127.0.0.10 என்று பதில் வந்தால், அந்த ஐபி தொகுதியைப் பதிந்ததே இணையச் சேவை நிறுவனம்தான். வாடிக்கையாளரிடம் போய் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று சொல்லாதீர்கள், பாவம்.

மற்ற சர்வர்கள் மெயில் கொண்டுவரும் 25ஆம் போர்ட்டில் வெளியாரிடம் பார்க்க வேண்டிய பட்டியலை, லாகின் செய்தவரிடம் பார்ப்பதுதான் கோளாறு. அவர்களுக்கு 587 அல்லது 465 போர்ட்டைத் தனியாகக் கொடுங்கள், லாகின் இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் விதிகளை வரிசையாகத்தான் படிக்கும். லாகின் செய்தவரை அனுமதிக்கும் ‘பெர்மிட் சாஸ்ல் ஆத்தென்டிகேட்டட்’, ஆர்பிஎல் (தடைப்பட்டியலைப் பார்க்கும்) விதிக்கு முன்னால் இருக்க வேண்டும். கிளையன்ட் விதிகளில் ஆர்பிஎல் இருந்தால் அனுமதியும் அங்கேயே வேண்டும். ரெசிப்பியன்ட் விதிகளில் கொடுத்த அனுமதி இங்கே செல்லாது.

அடுத்து, லாகின் நடந்தது ஸ்பேம்அசாசினுக்கும் தெரிய வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் ‘எஸ்எம்டிபிடி சாஸ்ல் ஆத்தென்டிகேட்டட் ஹெடர்’ இயல்பாக அணைந்திருக்கும். அதை ‘யெஸ்’ ஆக்குங்கள். வாடிக்கையாளர்கள் அனுப்புவதற்கென்றே தனி சர்வர் இருந்தால் அதை ஸ்பேம்அசாசினின் ‘எம்எஸ்ஏ நெட்வொர்க்ஸ்’ அமைப்பில் சேருங்கள். வெளி மெயிலையும் வாங்கும் சர்வரை அதில் சேர்க்கவே கூடாது.

ஸ்பாம்ஹாஸை 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்ற பிழைக் குறி வரும். எந்தப் பதில் வந்தாலும் மறுத்துவிடு என்று அமைத்திருந்தால் ஊரார் மெயில் முழுக்க நின்றுபோகும். சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் வையுங்கள், 127.0.0.2 முதல் 11 வரையிலான பதில்களுக்கு மட்டும் மறுங்கள்.

லாகின் செய்தவர் என்பதற்காகச் சோதனையே இல்லாமல் விட்டுவிடாதீர்கள். திருடுபோன ஒரு பாஸ்வேர்டு போதும், உங்கள் சர்வரின் ஐபியே பிளாக்லிஸ்ட்டுக்குப் போய்விடும். கணக்குக்கு மணிக்கு இத்தனை மெயில் என்று வரம்பு வையுங்கள், வெளியே போவதன் உள்ளடக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

மாற்றியபின், ஒரு வீட்டு இணைப்பிலிருந்து 587 வழியாக உங்கள் டொமைனுக்கே ஒரு மெயில் அனுப்பி, ‘எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்’ ஹெடரைப் பாருங்கள். அதில் ‘ஆல் டிரஸ்டட்’ (நம்பகமான வழியிலேயே வந்தது) இருக்க வேண்டும். பிபிஎல் என்ற பெயர் தென்பட்டால் வேலை இன்னும் முடியவில்லை.