புரட்சி: புரள்வது எது?

புரட்சி: பெயர்ச்சொல். வேர், புரள். கீழது மேலாகவும் மேலது கீழாகவும் ஆதல். அரசியலில், அதிகாரமும் உடைமையும் சட்டமும் அடுக்கப்பட்டிருந்த வரிசை தலைகீழாதல்.

ஆள் என்ற வினையோடு 'சி' சேர்ந்தால் ஆட்சி. மீள், மீட்சி. வறள், வறட்சி. திரள், திரட்சி. புரள், புரட்சி என்பதும் இதே தடம்தான். ளகரம் டகரமாகிவிடுவதால் இது 'புரட்டு' என்பதிலிருந்து வந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் உடன்பிறப்புகள் மட்டுமே. புரள் தன்வினை, புரட்டு பிறவினை. புரட்டு பெயராக நின்றால் பித்தலாட்டம் என்று பொருள். புரட்சியோ தன்வினையில் பிறந்தது. ஒருவர் புரட்டிப் போட்டதைக் காட்டிலும் தானே புரண்டதைத்தான் அது சொல்கிறது. (புரட்டாசிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வடமொழி நட்சத்திரப் பெயரின் திரிபு.)

பேச்சில் புரளாத பொருளே இல்லை. வெள்ளம் கரைபுரள்கிறது, சிலர் கையில் பணம் புரள்கிறது, சொன்ன சொல்லில் புரளாதவர் என்று ஒருவரைப் புகழ்கிறோம். அரசியல் பொருளை அளக்க இரண்டு புரளல்கள் போதும். ஒன்று, தூங்குபவர் புரண்டு படுப்பது; சற்று நேரத்தில் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடுவார். மற்றது, உழும்போது அடிமண் மேலே வந்து மேல்மண் அடியில் போவது. எந்தப் புரட்சியைப் பற்றிப் பேசினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: புரண்டு படுத்ததா, மண் புரண்டதா?

ஆங்கிலத்து 'ரெவல்யூஷன்' வேறு வழியில் வந்தது. அதன் லத்தீன் மூலத்துக்கு, உருண்டு திரும்பி வருதல் என்பது பொருள். 1543இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட நூலின் தலைப்பில் அது வானக் கோளங்களின் சுற்றைக் குறித்தது. 1688இல் இங்கிலாந்தில் மன்னர் மாறியதற்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள்கூட, பறிபோன பழைய உரிமைகள் சுற்றி வந்து சேர்ந்துவிட்டன என்றே வாதிட்டார்கள். திரும்பி வருவதைக் குறித்த சொல் 'இனித் திரும்ப முடியாது' என்ற பொருளில் நிலைத்தது 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு. தமிழ்ச் சொல் இந்தச் சுற்றுவழியில் வரவில்லை. அதன் வேரிலேயே கவிழ்தல் இருக்கிறது. இதில் அது அரபுச் சொல்லோடு ஒத்துப்போகிறது. 'இன்குலாப்' என்பதன் வேருக்கும் திருப்புதல், கவிழ்த்தல் என்பதே பொருள். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் எழுப்பிய முழக்கத்தில் இருந்தது இந்தச் சொல். இந்தியின் கிராந்தி, சங்கராந்தியில் உள்ள அதே கிராந்தி, அடியெடுத்துக் கடந்து செல்லுதல். மலையாளமும் தெலுங்கும் ஆளும் விப்லவத்தின் வேரில் வெள்ளம் இருக்கிறது. சீனத்தின் 'கெமிங்', விண் தந்த ஆணை கைமாறுவதைக் குறித்த பழஞ்சொல்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்றைய கனம் வந்த இடங்களில் ஒன்று, 1917இல் ரஷ்யப் பேரரசரான ஜார் வீழ்ந்ததைப் பாடிய பாரதியின் கவிதை. அவர் வெறுமனே புரட்சி என்னவில்லை, 'யுகப்புரட்சி' என்றார். எவ்வளவு காலத்தில் புரளும் என்பதையும் அந்த அடையே சொல்லிவிடுகிறது. பிறகு கவிஞருக்கும் நடிகருக்கும் தலைவருக்கும் தலைவிக்கும் முன்னொட்டாகி, இன்று பற்பசை விளம்பரம் வரை இறங்கி வந்துவிட்டது. தேய்ந்த சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அளந்து பயன்படுத்தினால் போதும்.

அளக்கப் பிரான்சு நல்ல களம். 1789 ஜூலை 14 அன்று பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது எழுச்சி. ஆகஸ்ட் 4 இரவில் தேசியப் பேரவை நிலமானிய உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தது. ஆனால் நிலத்தோடு ஒட்டிய பல வரிகளைக் குடியானவர் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்றது 1790இல் வந்த விதி. காசாகக் கட்டுவதற்கு ஆண்டுத் தொகையைப் போல 20 மடங்கு. விளைச்சலாக அளப்பதற்கு 25 மடங்கு. அவ்வளவு பணம் யாரிடம் இருந்தது? மீட்டவர்கள் குறைவு. பல ஊர்களில் வரியையே கொடுக்காமல் நிறுத்தினார்கள். 1793 ஜூலை 17இல்தான் இழப்பீடு இல்லாமல் எல்லாம் ரத்தானது. காகிதத்தில் ஓர் இரவில் புரண்டது, வயலில் புரள நான்கு ஆண்டு பிடித்தது.

சோதனை 1814இல் வந்தது. மன்னர் குடும்பம் அரியணைக்குத் திரும்பியது. தேவாலயத்திடமிருந்தும் நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களிடமிருந்தும் பறித்து விற்கப்பட்ட நிலம் மட்டும் திரும்பவில்லை. வாங்கியவருக்கே அது சொந்தம் என்று புதிய மன்னரின் சாசனமே ஒப்புக்கொண்டது. பிரபுக்களுக்கு 1825இல் கிடைத்தது இழப்பீடு, நிலம் அல்ல.

எல்லாமே அப்படி நிலைக்கவில்லை. மணவிலக்கை 1792இல் சட்டம் அனுமதித்தது, 1816இல் ஒழித்தது, 1884இல் மீண்டும் கொண்டுவந்தது. மீட்டர் அளவையை 1795இல் சட்டமாக்கினார்கள். 1812இல் பழைய பெயர்களுக்கு இடம் கொடுத்துத் தளர்த்தினார்கள். 1840இல்தான் அது கட்டாயமாயிற்று. வாரத்துக்குப் பதில் பத்து நாள் கொண்ட புதிய நாள்காட்டி 1793இல் வந்து, 1806 ஜனவரி 1 அன்று போயே போய்விட்டது. ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு கிடைத்த இடத்தில் பத்து நாளுக்கு ஒன்று என்றால் உழைப்பவர் எப்படி ஏற்பார்? நிலத்தை இழந்துவிடக் கூடாது என்று காவல் நிற்க லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். நாள்காட்டிக்காக மல்லுக்கட்ட ஆள் இல்லை. நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். காலனிகளில் 1794இல் ஒழித்த அடிமை முறையை நெப்போலியன் 1802இல் மீட்டார். ஆனால் விடுதலை பெற்றவர்கள் கையில் ஆயுதம் இருந்த கரீபியக் காலனி செயிண்ட் டொமிங்குவில் அது செல்லவில்லை; 1804இல் அந்தக் காலனி ஹைட்டி என்ற தனி நாடானது. மற்றக் காலனிகள் 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பெண்களின் வாக்குரிமைக்கோ 1944 வரை.

ரஷ்யாவில் மண் இரண்டு முறை புரண்டது. 1917இன் நில ஆணை பிரபுக்களின் நிலத்தைக் குடியானவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க வழி செய்தது. 1929 முதல் நடந்த கூட்டுப்பண்ணையாக்கம் அதே நிலத்தை அவர்கள் கையிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி எழுதினால் வாசகர் தடுமாறுவார்.

அண்டைச் சொற்களை இந்த அளவுகோலால் பிரித்துக்கொள்ளலாம். கோரிக்கையோடு மக்கள் திரண்டு, அடுக்கு அப்படியே இருந்தால் கிளர்ச்சி. நாற்காலியில் இருப்பவர் மட்டும் மாறினால் ஆட்சிக்கவிழ்ப்பு. படை செய்தாலும் அரண்மனை செய்தாலும் அதுவே. ஆள்பவரே விதியைத் திருத்தினால் சீர்திருத்தம். வீழ்ந்த அரசகுலம் திரும்பினால் முடிமீட்சி, புரண்டதை மறுபடி புரட்ட முயன்றால் எதிர்ப்புரட்சி. கலகம் என்பது பெரும்பாலும் ஆள்பவர் வைக்கும் பெயர்: 1857ஐச் சிப்பாய்க் கலகம் என்று எழுதுபவரும் முதல் விடுதலைப் போர் என்று எழுதுபவரும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

எழுத்தில் அடிக்கடி நேரும் பிழைகள் சில. 'புரட்சி வெடித்தது' இலக்கணத்தில் பிழையில்லை, பொருளில்தான் ஓட்டை. வெடிப்பது எழுச்சி, அதை ஒரு நாளோடு முடித்துவிட்டால் 1790இன் 20 மடங்கு கணக்கு கண்ணில் படாது. பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி என ஒற்று மிகும். தொழில் என்பது புரட்சியோடு சேர்ந்தால் தொழிற்புரட்சி. 'புரட்சிகர' என்பதில் உள்ள 'கர' வடமொழி ஒட்டு. வேண்டாமென்றால் 'புரட்சி மிக்க' என்று எழுதலாம். பூமி சூரியனைச் சுற்றுவதும் இயந்திரம் நிமிடத்துக்கு இத்தனை முறை சுழல்வதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், தமிழில் அவை 'சுற்று' மட்டுமே. அங்கே புரட்சி என்று போட்டால் மொழிபெயர்ப்பு சிரிப்புக்கு இடமாகும்.

'அக்டோபர் புரட்சி, நவம்பர் 7' என்று அச்சில் கண்டால் திருத்திவிடாதீர்கள். அன்று ரஷ்யாவின் பழைய நாள்காட்டியில் அக்டோபர் 25. புதிய அரசு 1918இல் ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்து உலகத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த மாற்றம் இன்றுவரை புரளவில்லை.