கடலோரச் சாலைக்குக் கண்கள் வேண்டும்

கடலை ஒட்டிச் செல்லும் சாலையைக் கெடுப்பது கடல்தான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலைப் பணியில் இருந்த ஆண்டுகளில் இராமநாதபுரம் கரையில் நான் பார்வையிட்ட சேதங்களில் மிகுதியானவை நிலத்தின் பக்கத்திலிருந்து தொடங்கியவை. கண்மாய்களின் கலுங்கு தாண்டி வரும் உபரி நீரும், பெய்த இடத்திலேயே தேங்கும் மழைநீரும் கடலுக்குப் போக வேண்டும். குறுக்கே சாலை ஒரு கரையாக நிற்கிறது. வழி கொடுத்தால் நீர் அமைதியாகக் கடந்து போகும். கொடுக்காவிட்டால் சாலையின் அடியில் ஊறி, தானே ஒரு வழியைப் பறித்துக்கொள்ளும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் சிறுபாலங்கள் அன்று எதைத் தாங்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

இந்தச் சிக்கலை நம்மைவிடக் கடுமையான வடிவில் சந்தித்த இடம் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. நடுவில் மலையும் சுற்றிலும் கடலும் கொண்ட இலங்கைத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு போட்ட சாலைகளின் வரலாறு, நம் மாவட்டத்துக் கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அந்தச் சாலைகளின் நுட்பம் நமக்குப் பயன்படும் என்பது ஒரு காரணம். அந்தத் தீவில் உழைத்தவர்களில் பலர் நம் சீமையிலிருந்து போனவர்கள் என்பது மற்றொரு காரணம்.

இலங்கையின் நடு மலையிலிருந்து ஆறுகள் நாலாபுறமும் இறங்குகின்றன. தென்மேற்குச் சரிவில் மழை மிகுதி. அங்கே ஓடும் களு கங்கை, கிங் கங்கை, நில்வளா கங்கை ஆகியவை நீளம் குறைந்தவை. மலையில் பெய்த மழை சிறிது நேரத்திலேயே முகத்துவாரத்துக்கு வந்துவிடும். கொழும்பிலிருந்து காலி வரைக்கும் கரையோரமாகப் போகும் சாலை இத்தகைய ஆறுகளைக் கடலுக்கு மிக அருகில், அவை அகன்று விரியும் இடத்திலேயே கடந்தாக வேண்டும். டச்சுக்காரர்கள் மேற்குக் கரையில் நீர்கொழும்பு, புத்தளம் பக்கமெல்லாம் கால்வாய் வெட்டிப் படகுகளையே நம்பியிருந்ததற்கு, நெடுந்தூரச் சாலை அமைத்துப் பராமரிப்பதன் அருமை ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில்தான் சாலைப் பணி அரசின் முதன்மை வேலையாயிற்று. கொழும்பு–கண்டிச் சாலையை வகுத்த கேப்டன் டாசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவைக் கணவாயில் அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. பதின்ம வயதில் படையில் சேர்ந்து, பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்த தாமஸ் ஸ்கின்னர், தம் பணிக்காலம் முழுவதையும் அத்தீவின் சாலைகளிலேயே கழித்தார். பொறியியல் பள்ளியில் பயின்றவர் அல்லர். வேலையைச் செய்தே வேலை கற்றவர்.

அக்காலத்துச் சாலைக்கு அடிப்படை மக்காடம் முறை. ஸ்காட்லாந்துக்காரரான மக்காடம் சொன்ன உண்மை எளியது: பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண், மேலே பரப்பும் உடைகல் அந்த மண்ணை நனையாமல் காக்கும் கூரை. மண் உலர்ந்திருக்கும் வரை சாலை நிற்கும். எனவே சாலை சுற்றுத் தரையைவிட உயர்ந்திருக்க வேண்டும். நடுவில் சற்று மேடாகவும் இரு விளிம்பிலும் தாழ்ந்தும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வடிகால் ஓட வேண்டும். உடைக்கும் கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அவர் வரையறுத்தார். இன்று நாம் தாரும் கான்கிரீட்டும் போடுகிறோம். ஆயினும் அடிமண் நனைந்தால் சாலை போய்விடும் என்ற விதி அப்படியே இருக்கிறது.

மலைச்சரிவில் இந்த விதியைக் காப்பாற்றுவது கடினம். மேற்புறத்தை வெட்டி எடுத்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டித்தான் சாலைக்கு அகலம் காண்பார்கள். வெட்டிய பாதி கெட்டியாகவும் கொட்டிய பாதி இளக்கமாகவும் இருக்கும். சரிவிலிருந்து இறங்கும் நீர் அந்த இரண்டும் சேரும் இடத்தில் புகுந்தால், கொட்டிய பாதி முழுவதும் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். ஆகவே சாலைக்கு மேலே சரிவிலேயே நீரை மறிக்கும் ஒரு வாய்க்கால், மலைப்பக்க விளிம்பில் ஒரு வடிகால், அந்த வடிகால் நிரம்புவதற்கு முன் நீரைக் குறுக்கே கடத்திவிடும் கல் பாலங்கள், கீழ்ப்புறத்தில் சாந்தின்றி அடுக்கிய தாங்குசுவர் என்ற ஒழுங்கு தேவைப்பட்டது. சாந்து வைத்துக் கட்டிய சுவரானால் நீர் கசிய இடைவெளித் துளைகள் விட்டாக வேண்டும். துளை அடைபட்ட சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தில் சாயும். மேல்பரப்புக்குத் தென்மேற்குக் கரையில் தாராளமாகக் கிடைத்த செம்பாறாங்கல்லைப் பயன்படுத்தினார்கள்.

ஆறுகளைக் கடந்த விதம் இன்னும் கவனிக்கத் தக்கது. களனி ஆற்றின் மீது 1822இல் படகுப் பாலம் அமைத்தார்கள். வரிசையாகக் கட்டிய படகுகளின் மேல் பலகை பரப்பிய அந்தப் பாலம், வெள்ளம் ஏறினால் தானும் ஏறி, வடிந்தால் தானும் இறங்கியது. 1895இல் விக்டோரியா பாலம் வரும் வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பயன்பட்டது. பேராதனையில் மகாவலியின் மேல் 1833இல் முழுதும் முதிரை மரத்தால் கட்டிய வளைவுப் பாலம் 205 அடி நீளத்தை ஒரே தாவலில் கடந்தது. ஆற்றின் நடுவில் ஒரு தூணும் இல்லாததால் அடித்துவரும் மரங்கள் மோதி நிற்க இடமில்லை. ஆற்றோடு மோதாமல் ஆற்றுக்கு இடம்விட்ட கட்டுமானங்கள் இவை. கிழக்குக் கரையின் களப்பு (கடலோடு சேரும் உப்புநீர்க் காயல்) வாய்களில் வேலை மிகத் தாமதமாகவே முடிந்தது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. கிண்ணியாவில் தோணித்துறை போய்ப் பாலம் திறந்தது 2009இல்தான்.

இவ்வளவையும் செய்த கைகள் யாருடையவை என்பதைச் சொல்லாமல் பொறியியலை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. தொடக்கத்தில் இராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் சாலை வேலைக்குத் திருப்பிக்கொண்டார்கள். கூலி இல்லை; காட்டிலும் சரிவிலும் காய்ச்சலால் மாண்டவர்கள் பலர். 1832இல் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848ஆம் ஆண்டுச் சாலைச் சட்டம் 18 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலையில் உழைக்க வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு மற்ற வரிகளோடு இந்தச் சட்டமும் காரணம்.

உள்ளூர் மக்களின் உழைப்பு போதாதபோது தமிழகத்தின் பக்கம் திரும்பினார்கள். காப்பித் தோட்டங்களுக்குப் போனதைப் போலவே சாலை வேலைக்கும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் போனார்கள். நம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து தண்ணீரும் நிழலும் அரிதான வறண்ட காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. அடுத்த நூற்றாண்டில் இலங்கை அரசு தொழிலாளர்களை நிறுத்திவைத்து மருத்துவச் சோதனை செய்த இடம்தான் மண்டபம் முகாம். இன்றும் அந்த ஊருக்கு அதுவே பெயர். கல் உடைத்தும், கப்பி பரப்பியும், வாய்க்கால் தூர் எடுத்தும் அவர்கள் காத்த சாலைகளில்தான் தேயிலையும் காப்பியும் துறைமுகத்துக்கு இறங்கின.

அந்த அமைப்பில் நாம் கைவிட்டுவிட்ட ஒன்று உண்டு. சாலையோரத்திலேயே குடியிருந்து, தம் பொறுப்பிலிருந்த சில மைல்களை நாள்தோறும் பார்த்துவந்த நிலையான ஆட்கள் இருந்தார்கள். மழை தொடங்கினால் மண்வெட்டியோடு முதலில் போய் நின்றது பாலத்தின் வாயில்தான். நம் துறையிலும் சாலைப் பணியாளர்கள் அப்படி இருந்தார்கள். எண்ணிக்கை குறையக் குறைய, ஒரு பாலத்தின் கண் அடைபட்டிருப்பது சாலை உடைந்த பிறகே தெரியவருகிறது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இழைக்கப்பட்ட ஒரு பெருந்தவறும் நமக்கு நேரடியாகப் பொருந்தும். சுண்ணாம்புக்காக அங்கே பவளப்பாறையை நீண்ட காலம் வெட்டி எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில், பாறை வெட்டப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே புகுந்து, கரையோர இருப்புப் பாதையில் நின்ற ரயிலைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில கிலோமீட்டர் தெற்கே பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை ஏறத்தாழ 50 மீட்டரோடு நின்றது. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிப் போனதற்கும் பவளப்பாறையை வெட்டியது முக்கியமான காரணம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டும், வெட்டுவது ஓயப் பல ஆண்டுகள் ஆயின. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்துச் சாலைகளுக்கு முதல் அலைத்தடுப்பு அந்தத் தீவுகளும் பாறைகளும்தான். அதற்கு ஈடான சுவரை எந்த நிதியிலும் நம்மால் கட்ட முடியாது.

இனி நம் சாலைக்கு வருகிறேன். நமக்கு மலை இல்லை. நிலம் தட்டையாக இருப்பதே நம் இடர். சரிவில் நீர் ஓடி அறுக்கும். இங்கே நின்று ஊறும். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட பகுதியில் நான் ஆய்வு செய்த ஒரு குழாய்ப் பாலத்தைச் சொல்கிறேன். இரண்டு சிமெண்டுக் குழாய்கள். ஒன்றில் முக்கால் பங்கு மணல். மற்றதன் வாயில் சீமைக்கருவேல முள், கிழிந்த நைலான் வலை, தேங்காய் மட்டை எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, கையால் இழுத்தால் அசையாத அளவுக்கு இறுகியிருந்தன. கடல் பக்கத்தில், குழாய் வாய்க்கு நேர் எதிரே, மனைப்பிரிவுக்காக ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார். நிலத்தின் பக்கம் முழங்கால் அளவு நீர் வாரக்கணக்கில் நின்றது. மேலே தார் முதலில் வலைப்பின்னலாக வெடித்தது. உப்பு ஏற்றிய லாரிகள் ஏறி இறங்கும்போது வெடிப்பின் வழியே சேறு மேலே பிதுங்கியது. அதன் பிறகு அந்த இடம் பள்ளமாவதற்கு ஒரு மழையே போதுமானதாக இருந்தது. ஊரார் குறைசொன்னது தாரின் தரத்தை. புதுத் தாரும் போடப்பட்டது. குழாயைத் திறக்காமல் போட்ட அந்தத் தார் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

இத்தகைய பாலத்தைப் பார்க்கப் பொறியாளர் வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள்: ஒரு வாயிலிருந்து மறு வாயின் வெளிச்சம் தெரிய வேண்டும். நீர் விழும் பக்கத்தில் தரை அரித்து, தளத்துக்கு அடியில் குடைவு தெரிந்தால், வாகனம் போகும்போது மேலே வெற்றொலி கேட்கும். அது அவசரச் சேதம். சாலைப் புருவம், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரம், தார் விளிம்பைவிட உயர்ந்து மண் மேடிட்டிருந்தால், மழைநீர் ஓரத்துக்கு வடியாமல் தார் மீதே நிற்கும். கடைக்கும் வீட்டுக்கும் ஏறும் வழிக்காகப் பக்க வடிகாலை மண்ணிட்டு மூடுவதும் நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். மூடியே ஆக வேண்டுமானால் அடியில் குழாய் வைக்க வேண்டும். அதையும் ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்.

கடல் பக்கமும் நம் கடமை உண்டு. வாடைக் காற்று மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமும், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கடல் மாறி மாறிச் சீறும். அப்போது கரையைக் காப்பவை மணல்மேடும், அதைப் பற்றிக்கொண்டு படரும் அடும்புக் கொடியும், தாழையும், பனையும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு மீண்டும் சாலை அமைத்து, 2017இல் அரிச்சல்முனை வரை திறந்தார்கள். இருபுறமும் கடல் நெருங்கும் அந்தச் சாலையின் ஓரத்தில் கற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கற்களின் மீது ஏறி நிற்பதும், மணல்மேட்டில் வண்டியை இறக்குவதும் கண்ணெதிரே நடக்கின்றன. கல் ஒன்று புரண்டால் அந்த இடைவெளியில்தான் அடுத்த அலை மணலை உறிஞ்சத் தொடங்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும். அக்டோபர் 2 கிராம சபையில் பாலத்தைப் பற்றிப் பேசினால் வேலை நடப்பதற்குள் மழை முந்திக்கொள்ளும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே உங்கள் ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் சிறுபாலங்கள் ஒவ்வொன்றையும் அது இருக்கும் கிலோமீட்டர் கல்லோடு குறித்து, அடைபட்டவை எவை, நீர் வெளியேறும் பக்கத்தில் ஆக்கிரமிப்பு உள்ளவை எவை என்று தீர்மானத்தில் எழுதுங்கள். இரண்டு வாய்களையும் படம் எடுத்துச் சேருங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை என்று எது யாருடைய பொறுப்பு என்பதைப் பிரித்து, அந்தந்த அலுவலகத்துக்குத் தனித்தனியாக அனுப்பி, பெற்றதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.