ஒன்றரை ஜிபிக்குள் ஒரு முழுப் படம்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் பொழுதுபோக்கு என் ஃபோன் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. அதற்குள் மத்தியானம் ஒரு படம், ராத்திரி மொட்டைமாடியில் இளையராஜா பாட்டு, நடுவில் சென்னையில் மாட்டிக்கொண்ட தம்பியோடு வீடியோ கால். இத்தனையும் எப்படி அடங்கியது? மழைக் காட்சி வந்தால் மட்டும் படம் ஏன் கட்டம் கட்டமாக உடைந்தது?”

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஃபோனில் 480 தரத்தில் ஓடும் படத்தில், ஒரு சட்டத்துக்கு (அசையாத ஒரு படம், அதாவது ஃபிரேம்) 854 × 480, அதாவது ஏறத்தாழ 4,10,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். நொடிக்கு 24 சட்டங்கள். பெருக்கினால் நொடிக்கு 29 எம்பிக்கு மேல். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 265 ஜிபி. உங்கள் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஜிபிகூட இருக்காது.

இதில் எளிதான வழிகள் சில உண்டு. ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே மாறிய பகுதியை மட்டும், அதையும் ‘இந்தத் துண்டு இவ்வளவு தூரம் நகர்ந்தது’ என்ற குறிப்பாக அனுப்பினால் போதும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. எனவே நிற விவரத்தைக் கால்வாசியாகக் குறைத்துவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும் மிச்சமிருப்பதைச் சுருக்குவதுதான் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி.

படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிப்பார்கள். அதில் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் வெளிச்சம் படும் ஒரு சுவர். வெளிச்சம் இடமிருந்து வலமாக மெல்லக் கூடுகிறது. எட்டுப் புள்ளிகளின் வெளிச்ச அளவு: 100, 102, 104, 106, 108, 110, 112, 114.

எட்டு எண்கள். எதையும் விட முடியாது போலத்தான் தெரிகிறது. டிசிடி இங்கே கேள்வியையே மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று அது கேட்பதில்லை. சீராக ஏறி இறங்கும் எட்டு கொசைன் அலைகளை எடுத்துக்கொள்கிறது. முதலாவது ஏற்ற இறக்கமே இல்லாத நேர்கோடு. இரண்டாவது, எட்டுப் புள்ளிகளுக்குள் ஒரே ஒரு முறை மெதுவாக இறங்கும் சரிவு. அடுத்தடுத்தவை மேலும் மேலும் நெருக்கமாக அலையும். எட்டாவது அலை புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழும் குதிக்கும். ‘இந்த எட்டில் எது எது எவ்வளவு கலந்தால் இந்த வரிசை வரும்?’ என்பதே அதன் கேள்வி. நம் சுவருக்கு விடை:

302.6, −12.9, 0, −1.3, 0, −0.4, 0, −0.1

இப்போதும் எட்டு எண்கள்தான். ஆனால் சரக்கு முழுவதும் முதல் இரண்டில் குவிந்துவிட்டது! (அலை இறங்குகிறது, நம் வெளிச்சம் ஏறுகிறது, அதனால் இரண்டாவது எண்ணுக்குக் கழித்தல் குறி.) முதல் இரண்டை 303, −13 என்று முழு எண்ணாக்கி, மற்ற ஆறையும் தூக்கி எறிந்துவிட்டு, கணக்கைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது: 101, 102, 104, 106, 108, 111, 113, 114. மூன்று இடத்தில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கண்ணும் அதைக் கண்டுபிடிக்காது. எட்டு எண்களின் வேலையை இரண்டு எண்கள் செய்துவிட்டன.

ஏன் கொசைன்? எதையும் அலைகளாகப் பிரித்துக் காட்ட, கல்லூரியில் படிக்கும் ஃபூரியர் முறை போதாதா? அந்த முறை, வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். 114-க்கு அடுத்து திடீரென்று 100. படத்திலேயே இல்லாத ஒரு பள்ளம் அங்கே முளைக்கிறது. அதை நிரப்ப நெருக்கமான அலைகள் பலவற்றைச் சேர்க்க வேண்டிவரும். கொசைன் முறையோ வரிசையின் ஓரத்தில் கண்ணாடி வைத்ததுபோல நடந்துகொள்கிறது: 112, 114, 114, 112 என்று பிம்பமாகத் திரும்புகிறது. பள்ளம் இல்லை. நெருக்கமான அலைகளுக்கு வேலையும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இதையே குறுக்கும் நெடுக்குமாகச் செய்தால் 8 × 8 கட்டத்துக்கு 64 எண்கள். நுணுக்கமான அலைகளின் எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குவார்கள். பெரும்பாலானவை 0 ஆகிவிடும். ‘இதற்கு மேல் எல்லாம் 0’ என்று ஒரே குறியில் கதையை முடித்துவிடலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972-இல் இந்த யோசனையை எழுதி அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து. அகமது விடவில்லை. 1973 கோடை விடுமுறையில், அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லாமலே, வேலையைத் தொடர்ந்தார். மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

பிறகு வந்த ஜேபெக் (ஃபோட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) படம், தெருமுனைக் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த விசிடி, டிவிடி, இன்றைய ஓடிடி எல்லாமே இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. பல கோடிப் பேரை வீட்டுக்குள் பித்துப் பிடிக்காமல் காப்பாற்றிய ஒரு விஷயம், நிதி தரும் அமெரிக்க அமைப்பின் மேசையில் நிராகரிக்கப்பட்டது. இந்தியா ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அந்தக் கொஞ்சத்தையும் ‘உடனே என்ன பயன்?’ என்று கேட்டுக் கேட்டே கொடுக்கிறோம். இங்கே எத்தனை கணக்குகள் தொடங்காமலே நின்றுபோயினவோ என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதே ஃபோனில்தான் 5ஜி சோதனையால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியும் வந்தது. நாட்டில் எங்குமே 5ஜி சோதனை தொடங்கவில்லை என்று 2021 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டியிருந்தது. கையில் இருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் பலர் அதை ஃபார்வேர்டு செய்திருக்கவே மாட்டார்கள்.

மறுபடி டிசிடிக்கு வருவோம். பாட்டும் இதே வழிதான். பாட்டைச் சுருக்கும் எம்பி3, ஏஏசி முறைகள் இரண்டிலும் இருப்பது டிசிடியின் ஒரு திருத்திய வடிவம்: பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், அதனால் இணைப்பில் ‘டிக் டிக்’ என்று கேட்காது. மிருதங்கத்தில் ஓங்கி ஓர் அடி விழும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டாது. அவற்றைத் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி மழை. மழைத் தாரை ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கீற்று. எட்டுப் புள்ளிக்குள் வெளிச்சம் 90, 200, 85, 190 என்று தாவும். இங்கே நுணுக்கமான அலைகளின் எண்கள் எல்லாமே பெரியவை. 0 ஆவதற்கு எதுவும் இல்லை. அடுத்த சட்டத்தில் துளிகள் வேறு இடத்தில் இருப்பதால் ‘நகர்ந்தது’ என்ற குறிப்பும் பலிக்காது. நொடிக்கு இவ்வளவு டேட்டாதான் என்ற வரம்போ அப்படியே நிற்கிறது. வேறு வழியின்றி வகுக்கும் எண்ணைக் கூட்டுகிறார்கள். நுணுக்கம் மொத்தமும் 0 ஆகி, கட்டத்துக்கு அதன் சராசரி வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. பக்கத்துக் கட்டத்தின் சராசரி வேறு. இரண்டும் சேரும் ஓரம் கோடாகத் தெரிகிறது. நீங்கள் பார்த்த கட்டங்கள் இவைதான். காட்சியில் மஞ்சள்பொடி தூவினாலும், பட்டாசுப் புகை எழுந்தாலும் இதே கதி.

2020 மார்ச் கடைசியில் நெரிசலைக் குறைக்க, இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்கில் 480 தரத்துக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஓடிடி நிறுவனங்கள் ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டிருந்தன. உங்கள் படம் அந்த நாட்களில் கூடுதலாக உடைந்திருக்கலாம். 2013-இல் வந்த ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்கும் முறையில் கட்டங்கள் 32 × 32 வரை விரியும், ஓரங்களை வழித்துவிடும் வடிகட்டியும் உண்டு. என்றாலும் டேட்டா வரம்பு இறுகினால் மழை உடையத்தான் செய்யும். வைஃபை கிடைக்கும் இடத்தில் உயர்ந்த தரத்தில் டவுன்லோடு செய்து வைத்துப் பாருங்கள், துளி துளியாகத் தெரியும்.